கச்சானில் கேட்காத பாட்டு

இந்த வருடம் கச்சான் பத்து நாள் முந்திவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்று வந்துவிட்டால் நாலு மாதத்துக்கு ஒன்றும் சொன்ன பேச்சு கேட்காது. நாங்களெல்லாம் கூரையை இழுத்துக் கட்டினோம், படகுகளைத் தாழை மரங்கள் வரைக்கும் ஏற்றிப் போட்டோம். பக்கத்து வீட்டு ஓரேத்தா மட்டும் அடுப்பை இடம் மாற்றினாள். மேற்கே காயல் பக்கம் இருந்த மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குக் கிழக்கே, சேம்புக் குழிக்குப் போகிற பாதையோரம் வைத்தாள். அப்படி வைத்தால் புகை வீட்டுக்குள் வராது என்று காரணம் சொன்னாள். காரணம் சரிதான். ஆனால் இருபது வருடமாகக் கச்சானில் புகையை விழுங்கிக்கொண்டே சமைத்தவளுக்கு இந்த வருடம்தானா கண் எரிந்தது?

அவள் புருஷன் கவுரே என்னிடம் மெதுவாகச் சொன்னான். "புகையுமில்ல ஒண்ணுமில்ல. தன் காத நாப்பது அடி முன்னால கொண்டு போய் வெச்சிருக்கா."

எங்கள் தீவில் பாளை சீவ மரமேறுகிறவன் வாயை மூடிக்கொண்டு ஏறக் கூடாது. தென்னையின் உச்சியில் உட்கார்ந்தால் ஊரில் பாதிப் பேருடைய குளியல் மறைப்புக்குள் கண் போகும். அதனால் ஏறும்போதே பாட வேண்டும். பாட்டு கேட்டதும் கீழே இருக்கிற பெண்கள் துணியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். பாடாமல் ஏறுகிறவன் கள் திருட வந்தவன், இல்லாவிட்டால் அதைவிட மோசமானவன். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. என் குரலைப் பத்து வருடமாக ஊர் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கவுரே இருபத்தைந்து வருடம் ஏறினவன். கடலோரப் பவளப் பாரில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கின பிறகு வீட்டையொட்டி நின்ற இரண்டு மரத்தையும் மகன் தெராகாவுக்குக் கொடுத்துவிட்டான். அப்போது பையனுக்குப் பதினாலு வயது. ஒரே பிள்ளை. அன்றிலிருந்து ஓரேத்தாவின் காலையும் மாலையும் அவன் பாட்டில்தான் ஓடியது. மீன் செதிள் உரிப்பாள், மாவு பிசைவாள், என்னோடு வாயடிப்பாள், ஆனால் காது மட்டும் மரத்தில் இருக்கும். ஏறும்போது ஒரு பாட்டு. கத்தி தீட்டும்போது கொஞ்சம் நிறுத்தம். பாளையைச் சீவும்போது இன்னொன்று. கள் வடிகிற குப்பியை மாற்றிக் கட்டும்போது முணுமுணுப்பு. இறங்கிக் கால் மண்ணில் பட்டதும் பாட்டு பாதியில் நின்றுவிடும். அங்கேதான் இவள் மூச்சு விடுவாள். அவளுக்கே தெரியாமல் விடுவாள், நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடம் முடிந்தது. போன அக்டோபரில் ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "கடல் பக்கத்து ரெண்டு மரத்துலயும் பாளை கட்டிட்டேன்" என்றான். அந்தப் பக்கம் அவன் தாத்தா அவன் பேருக்கு விட்ட நிலம். மரங்கள் இரண்டும் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. கவுரேயே அவற்றில் ஏறினதில்லை.

மறுநாள் ஓரேத்தா என்னிடம் வந்து இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கட்டலாமாம்மான்னு கேக்கல பாத்தியா. கட்டிட்டேன்னு சொல்றான்." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது வாய் இரண்டு காதுக்கும் போயிருந்தது. அன்றைக்குக் கொப்பரை நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தன் மகன் நாலு மரம் சீவுகிறான் என்று சொல்லி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒரே நாளில் செய்ய அவளால்தான் முடியும்.

அடுத்த வாரம் அவன் இன்னொன்று சொன்னான். கடல் பக்கமே ஒரு பரண் போட்டுக்கொள்கிறானாம். விடியற்காலை இருட்டில் சேம்புக் குழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாமாம். ஒரு பாய் மட்டும் முடைந்து கொடு என்று கேட்டான். ஓரேத்தா மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அன்றைக்கே தாழை ஓலையைக் கிழித்து ஊறப்போட்டாள். மூன்று வாரத்தில் பாய் ஆள் நீளத்துக்கு வந்துவிட்டது. மூன்று ஓரமும் மடக்கியாகிவிட்டது. நாலாவது ஓரம்தான் அப்படியே நின்றது. ஒரு நாள் ஓலை போதாது என்றாள், ஒரு நாள் விரல் வலிக்கிறது என்றாள். "அதுல படுக்கறதுக்குள்ள அவனுக்குத் தலை நரைச்சிரும்" என்றான் கவுரே. அவள் பாயைச் சுருட்டிக் கூரைக்கட்டையில் செருகினாள்.

கொண்டல் அடித்த வரைக்கும் பிரச்சினையில்லை. கடல் கிழக்கே, ஊர் மேற்கே. காற்று கிழக்கேயிருந்து வரும்போது அவன் பாட்டும் கூடவே வந்தது. கொஞ்சம் தேய்ந்து, ஓலைச் சத்தத்தோடு கலந்து வந்தாலும் வந்து சேர்ந்தது. கச்சான் வந்தது, எல்லாம் தலைகீழ். வீட்டு மரம் இரண்டிலும் பாளை தீர்ந்துபோய், கடல் பக்கத்து மரங்கள்தான் மிச்சம். அவன் பாடுவதைக் காற்று அப்படியே அள்ளிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. அடுப்பை நாற்பது அடி நகர்த்தியும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவளே நகர ஆரம்பித்தாள். கடல் பக்கம் விறகு நன்றாக எரியும் என்று ஒரு நாள் போனாள். மட்டை பொறுக்க ஒரு நாள். உப்புக்கண்டத்துக்குக் கல் வேண்டும் என்று ஒரு நாள். எங்கள் தீவில் கல்லுக்காகக் கடல் பக்கம் போன முதல் பெண் அவள்தான். அவன் மரத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போவாள், ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்ப்பாள், அவன் இறங்கத் தொடங்கினதும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பிவிடுவாள். அவன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். உச்சியில் இருக்கிறவனுக்கு ஊரே தெரியும்போது அம்மா தெரியமாட்டாளா?

பையன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் வந்தான். "அம்மாவ மரத்தடியில வந்து நிக்க வேணாம்னு சொல்லுப்பா. உனக்கு ரெண்டாங்குரல் பாட ஆள் வந்தாச்சான்னு பசங்க கேக்கறானுங்க."

கவுரே அன்று மாலை பெண்டாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வலை முடிந்துகொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று எழுந்து போகிற அளவுக்கு நான் நல்லவனில்லை.

"நான் இருபத்தஞ்சு வருஷம் ஏறுனேன். எங்கம்மா ஒரு நாளாவது வந்து அடியில நின்னாளா?"

"உங்கம்மாவுக்கு ஒம்பது புள்ள. ஒண்ணு போனா எட்டு இருக்கும். எனக்கு எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு."

"அதுக்காக? நீ கீழ நின்னா அவன் விழமாட்டானா? கையில ஏந்திக்குவியா?"

"விழுந்தா உடனே தெரியுமில்லையா."

"ஆம்பளப் பையன்டி அவன். அவமானமா இருக்குங்கறான். என்னைப் பாரு, நான் போறேனா? எனக்கு மட்டும் அவன் புள்ள இல்லையா?"

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். மூன்று நாள் போகாமல் இருந்தாள். அந்த மூன்று நாளில் அவள் சுட்ட ரொட்டி மூன்றும் கருகியது.

நாலாம் நாள் மாலை வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு சேம்புக்குத் தழை போட வேண்டும் என்று கிளம்பினாள். கிளம்பினது தழை போடத்தான். குழிக்குள் இறங்கினதும் ஆளுயர இலைகளுக்கு நடுவே நின்றால் தன்னை யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அங்கிருந்து இரண்டு மரமும் நன்றாகத் தெரிந்தன. அவன் பாடிக்கொண்டே ஏறுவதும் கேட்டது. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்து, ஒரு அடி பாடி, அடுத்த அடியில் பாதிச் சொல்லோடு நின்றது.

நின்றது நின்றதுதான். மழை இலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் போட்ட கூச்சல் கச்சானை எதிர்த்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. நான் வலையைப் போட்டுவிட்டு ஓடினேன். குழிக்குப் பக்கத்தில் இருக்கிற மேரேக்காவின் வீட்டிலிருந்து இரண்டு பேர், மாதாகோயிலில் கூட்டிக்கொண்டிருந்தவர்கள், கொப்பரை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடினோம். கவுரே அந்த முழங்காலோடு எனக்கு முன்னால் ஓடினான். போய்ப் பார்த்தால் மரத்தடியில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. பையன் உச்சியில் மட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முழுசாக. கண்ணைக் கீழே குழியில் வைத்திருந்தான். குழிக்குள் ஓரேத்தா முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேற்றில் புதைந்து, மேலேறவும் முடியாமல், "என் புள்ள, என் புள்ள" என்று இரண்டு கையாலும் இலைகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

பாடிக்கொண்டிருந்தவன் இலைக்கு நடுவில் அம்மாவின் சிவப்புத் துணியைப் பார்த்திருக்கிறான். பாட்டு தொண்டையில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மரத்திலேறின பிள்ளை பத்திரமாக இருக்கிறான், தரையில் நின்ற தாய் விழுந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். தெராகா இறங்கி வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் குழிக்குள் இறங்கி, அம்மாவின் அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பில் மேலே தூக்கி விட்டான். அவளைத் தூக்குகிற அளவுக்கு அவன் தோள் எப்போது அகன்றது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கடல் பக்கம் நடந்தான். அன்று சாப்பிட வரவில்லை. கூரை போடாத பரணில் தென்னோலையை விரித்துப் படுத்துக்கொண்டானாம். நாலாவது ஓரம் முடியாத பாய் இங்கே கூரைக்கட்டையில் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் பாடுவதை நிறுத்திவிட்டான்.

காலையும் மாலையும் ஏறினான், சீவினான், இறங்கினான். விடியும் முன்னால் குப்பியைக் கொண்டுவந்து வீட்டுத் தூணில் மாட்டிவிட்டுப் போனான். வாயை மட்டும் திறக்கவில்லை. நாலு நாள் ஊர் பொறுத்தது. சேம்புக் குழிக்குப் பக்கத்தில் கிணறும் குளியல் மறைப்பும் வைத்திருப்பவள் மேரேக்கா. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பேச்சில் நியாயம் இருக்கும். வீட்டில் பிள்ளை பெற்ற மகள் வேறு. தலைக்கு மேலே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எப்படிக் குளிப்பது என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விஷயம் ஊர்ச்சபை கூடுகிற மனேபாவுக்கு வந்தது.

மனேபாவின் பெரிய கூரைக்கடியில் அவரவர் குடும்பத்துக்கு அவரவர் இடம். தெராகா அப்பாவுக்குப் பின்னால் சம்மணமிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் பாடவில்லை என்று பெரியவர்கள் கேட்டார்கள். பதிலில்லை. மறுபடி கேட்டார்கள். அம்மாவைச் சபையில் இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை, அதுதான் விஷயம், எங்களெல்லாருக்கும் தெரியும். ஆனால் சொல்லாததை மனேபா எடுத்துக்கொள்ளாது. பாடு, இல்லாவிட்டால் மரத்தை விட்டு இறங்கு, நாலு மரத்தையும் வேறு யாராவது சீவட்டும் என்று தீர்ப்பு வருகிற மாதிரி இருந்தது. கவுரேவுக்கு முகம் செத்துப்போயிற்று. பாளை சீவாத ஆம்பிளைக்கு எங்கள் ஊரில் பெண் யார் கொடுப்பார்கள்?

அப்போது ஓரேத்தா எழுந்தாள். வாய்க்காரியே தவிரச் சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"அவன் மேல தப்பில்ல. அவன் பாடுனது உங்களுக்காக. நான்தான் திருட்டுத்தனமா எனக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். கேக்கலைன்னதும் ஒளிஞ்சு நின்னு கேட்டேன். அவன் வாய நான்தான் அடைச்சேன்." பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "கச்சான் போற வரைக்கும் சேம்புக் குழியத் தாண்டி நான் கால் வெக்க மாட்டேன். அவன எறங்கச் சொல்லிராதீங்க."

"அப்ப நாலு நாளா நான் குளிக்காம நாறுனது உன்னாலதானா?" என்றாள் மேரேக்கா. மனேபா சிரித்தது. சிரித்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். இன்று மாலையிலிருந்து பாட வேண்டும் என்றார்கள். பையன் "சரி" என்றான்.

திரும்பி வரும் வழியில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நடந்தான். நாங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தோம்.

"பாட்டு ஊருக்கும்மா," என்றான். "அதுல காது வெக்காத. குப்பி உனக்கு. தெனம் காலைல கொண்டாந்து மாட்டறேன்ல? குப்பி தொங்குனா நான் எறங்கிட்டேன்னு தெரிஞ்சுக்க. அது போதாதா உனக்கு?"

"போதும்யா" என்றாள். போதவில்லை என்று எனக்கு அப்புறம் சொன்னாள்.

ஆனாலும் பதினொரு நாள் அது நடந்தது. விடிந்ததும் வந்து குப்பியைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகுதான் முகம் கழுவுவாள்.

பன்னிரண்டாம் நாள் குப்பி இல்லை. விடியும் முன்னால் ஒரு பெரிய மழை அடித்து ஓய்ந்திருந்தது. மரமெல்லாம் வழுவழுவென்று ஈரம். வெளிச்சம் வந்தது, கோழி இறங்கியது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வீட்டுத் தூணில் வெறும் கயிறு தொங்கியது. ஓரேத்தா கயிற்றைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். வேலியோரம் வந்து என்னைக் கேட்டாள்.

"உனக்குப் பாட்டு கேட்டுச்சா?"

"கச்சான்ல என் பாட்டே எனக்குக் கேக்கல."

நான் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். "போன தடவை ஊரையே கூட்டுனேன். நீயும் போகாத, யாரும் போக வேணாம். வருவான்." சொல்லிவிட்டு உள்ளே போய், கூரைக்கட்டையிலிருந்து பாயை உருவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கண் பாதையில் இருந்தது, விரல் பாட்டுக்கு ஓலையை மடக்கிச் செருகிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு ஆணி அடிக்கப் போய் விரலில் அடித்துக்கொண்டேன்.

கவுரே இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. "வருவான், குப்பிய எங்கயாவது உடைச்சிருப்பான்" என்றான். கொஞ்ச நேரத்தில், "வலையப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். அவள் தலையைத் திருப்பவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கடைசியில் பாதையில் ஆள் வந்தது. தெராகா இல்லை, மேரேக்கா. கையில் காலிக் குப்பி.

"இந்தாடி, உன் வீட்டுக் குப்பி. விடியக்காலம் உன் மவன் வந்து மாட்டிட்டுப் போனான். அக்காவுக்குப் பால் போதலைன்னீங்களே, புளிக்காத கள்ளு, குடிக்கச் சொல்லுங்க, ஒரு வாரத்துக்கு இங்கதான் கொண்டாருவேன்னான். அவ மொத்தக் குப்பியும் குடிச்சிட்டா. அப்படி இனிப்பு." மேரேக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்கிட்ட சொல்லலையா?"

ஓரேத்தா குப்பியை வாங்கிக்கொண்டாள். "சொன்னான், சொன்னான்," என்றாள். "நான்தான் மறந்துட்டேன்."

மேரேக்கா போன பிறகு அவள் அழுதாள். நிம்மதியில் அழுதாளா, தன் குப்பி இன்னொரு வீட்டுக்குப் போனதற்கு அழுதாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடிந்திருக்காது. வழக்குப் போட்டவள் வீட்டுக்கு முதல் குப்பியைக் கொண்டுபோகிற புத்தி தன் பிள்ளைக்கு எங்கேயிருந்து வந்தது என்று என்னிடம் பெருமையாகக் கேட்டாள். அதே மூச்சில், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வாய் தேய்ந்துவிடுமா என்று வைதாள். மூக்கைச் சிந்திவிட்டு மடியைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாயின் நாலாவது ஓரம் மூலை வரைக்கும் மடக்கி முடிந்திருந்தது. செருக ஒரு ஓலை பாக்கியில்லை.

கவுரே அப்போதுதான் வந்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்து, நொண்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு.

"வலையில ஒண்ணும் விழல," என்றான்.

வலை மேற்கே காயலில் கிடக்கிறது. அங்கே வெள்ளை மணல். அவனுக்கு வீங்கின முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. ஓரேத்தா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் தொட்டியில் தண்ணீர் மொண்டு வந்து அவன் காலில் ஊற்றினாள்.

"என்ன பண்றான்?" என்றாள்.

கவுரே காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "பரணுக்குக் கூரை கட்டறான். ஒத்தைக் கையால முடியாதுன்னு என்னக் கயிறு புடிக்கச் சொன்னான்." பிறகு, "முடிச்சு தப்பாப் போடறேடான்னேன். 'நீ புடிச்சா மட்டும் போதும்ப்பா'ங்கறான்."

"போடற முடிச்சு தப்பா?"

"இல்ல. சரியாத்தான் போடறான்."

அவள் இரண்டாவது மொந்தைத் தண்ணீரையும் ஊற்றினாள். சேறு போகவில்லை, மூன்றாவதும் ஊற்றினாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பாயைத் தட்டி, இறுக்கிச் சுருட்டி, தென்னங்கயிற்றால் நடுவில் ஒரு கட்டுப் போட்டு, அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"சாயங்காலமும் வலை பாக்கப் போவேல்ல?" என்றாள். "போறப்ப இதையும் எடுத்துட்டுப் போ."